ஒட்டிய எலும்பின் கதை

பல் போனால் சொல் போகும் என்பது நம் மூதுரை. பல் போனால் எலும்பும் போகும் என்பதை நான் என் 64ஆம் வயதில்தான் அறிந்தேன். கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்விடத்தில் டைட்டேனியத்தாலான செயற்கை வேரை ஊன்றிக்கொள்ளலாம் என்று எண்ணிச் சென்றேன். பல் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, "வேர் ஊன்ற எலும்பு போதாது, ஐயா. முதலில் எலும்பை ஒட்டவேண்டும்" என்றார். யாருடைய எலும்பை? எப்படி ஒட்டுவது? ஒட்டினால் பிடிக்குமா? ஆசிரியத் தொழிலின் பழக்கம் எளிதில் விடுவதில்லை. தேடிப் படித்தேன். படித்ததையே இன்று உங்களிடம் கூற வந்திருக்கிறேன்.

மாணவ நண்பர்களே, எலும்பைச் சுண்ணாம்புக் கல் போன்ற உயிரற்ற பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். அது நாள்தோறும் அரிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருகிற உயிருள்ள பொருள். பல்லைத் தாங்குவதே தாடை விளிம்பின் வேலை. வேலை போனபின் அது கரையத் தொடங்குகிறது. பற்களை முற்றும் இழந்து பொய்ப்பல் கட்டிக்கொண்டவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த டால்கிரென் என்ற ஆய்வாளர், மேல்தாடையைப்போல நான்கு மடங்கு அளவு கீழ்த்தாடை தேய்வதாக 1972இல் எழுதினார். பொய்ப்பல் செட்டு நாளடைவில் தளர்ந்து ஆடுவது இதனால்தான்.

எலும்பை ஒட்டும் எண்ணம் மிகப் பழையது. 1668இல் வெளிவந்த டச்சு மருத்துவர் யோப் வான் மீக்கரனின் நூலில் ஒரு செய்தி உண்டு. மண்டை உடைந்த ஒரு பெருமகனுக்கு நாயின் எலும்பை வைத்து ஒட்டினார்களாம். அதற்காகத் திருச்சபை அவரை விலக்கிவைத்ததாம். அதை எடுத்துவிடுங்கள் என்று அவர் வேண்டியபோது, எடுக்கவியலாதபடி அது கூடிவிட்டிருந்ததாம். மீக்கரன் இதனைக் கேள்விப்பட்ட செய்தியாகவே எழுதுகிறார். ஆகவே சுவையான கதை என்பதற்குமேல் இதற்கு மதிப்புக் கொடுக்க நான் துணியமாட்டேன்.

ஐயத்திற்கு இடமற்ற வரலாறு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடங்குகிறது. அங்கே வில்லியம் மெக்யூவன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். கிருமிநாசினி முறையைக் கண்ட லிஸ்டரிடம் பயின்றவர். 1878இல் அவரிடம் ஒரு சிறுவனைக் கொண்டுவந்தார்கள். முழங்கைக்கு மேலுள்ள எலும்பு சீழ்ப்பிடித்து அழுகியிருந்தது. அதை எடுத்துவிட்டதால் கை துணிபோலத் தொங்கியது. கையையே வெட்டிவிடுவதுதான் அக்காலத்து வழக்கம். மெக்யூவன் வெட்டவில்லை. கிளாஸ்கோவின் புகைமூடிய, நெருக்கமான குடியிருப்புகளில் வெயில் படாது வளர்ந்த குழந்தைகள் பலருக்கு அந்நாளில் கால்கள் வில்லாக வளைந்திருந்தன. அக்கால்களை நிமிர்த்துவதற்காக அவர் ஆப்பு வடிவில் எலும்பைச் செதுக்கி எடுப்பார். எறியப்படவேண்டிய அந்த ஆப்புகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சிறுவனின் கையில் பள்ளம் செய்து, மும்முறையாகப் பதித்தார். துண்டுகள் ஒன்றோடொன்று கூடி எலும்பாயின. 1881இல் இதனை அவர் ராயல் சொசைட்டிக்கு அறிவித்தார். அச்சிறுவன் வளர்ந்து அந்தக் கையாலேயே உழைத்துப் பிழைத்தான். ஏழைக் குழந்தைகளின் வளைந்த கால்கள் இன்னொரு ஏழைக் குழந்தைக்குக் கை கொடுத்த இச்செய்தியைப் படித்த அன்று, எனக்கு வேறு எதுவும் படிக்கத் தோன்றவில்லை.

ஆனால் ஒட்டிய எலும்பு உயிரோடிருந்து வளர்கிறதா? அதன்மேல் படர்ந்த சவ்வோடு சேர்த்து நட்டால் அது உயிர்வாழும் என்றார் பிரான்சின் லியோன் நகர மருத்துவர் ஒல்லியே. ஜெர்மனியரான ஆர்தர் பார்த் 1893இல் மறுத்தார். ஒட்டிய எலும்பு இறந்துவிடுகிறது. அக்கம்பக்கத்து உயிரெலும்பு அதற்குள் புகுந்து, பழையதை அரித்துப் புதியதைக் கட்டுகிறது என்பது அவர் கண்டது. புதிதாக எடுத்த எலும்பில் சில உயிரணுக்கள் பிழைப்பதுண்டு என்று பின்னர் தெரிந்தது. எனினும் பெரும்பகுதிக்கு பார்த் சொன்னதே பொருந்தும். ஒட்டுமாங்கன்றை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒட்டிய கிளைதான் தழைத்துக் காய்க்கிறது. எலும்பொட்டிலோ ஒட்டியது மெல்ல மறைகிறது. அடியே ஏறி வளர்கிறது. வீடு கட்டும்போது நிறுத்தும் சாரத்திற்கே இது நெருங்கிய உறவு.

முதல் உலகப் போர் இவ்வறிவைத் தாடைக்குக் கொண்டுவந்தது. பதுங்குகுழிக்கு மேலே தலையை நீட்டிய வீரர்களின் முகங்களைக் குண்டுகள் சிதைத்தன. 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் திறக்கப்பட்ட மருத்துவமனையில் ஹரோல்டு கில்லீஸ் தோலையும் தசையையும் செப்பனிட, கெல்சி ஃப்ரை என்ற பல் மருத்துவர் தாடையைக் கவனித்தார். பெனிசிலின் இல்லாத காலம். வாயின் கிருமிகள் ஒட்டை அணுகினால் எல்லாம் வீண்.

1952இல் ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்பவர் முயலின் கால் எலும்பில் டைட்டேனியக் கருவியொன்றைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். முடிவில் அதைக் கழற்ற முயன்றார். வரவில்லை! எலும்பு உலோகத்தைப் பற்றிக்கொண்டிருந்தது. 1965இல் கோத்தன்பர்க்கில் பிறவியிலேயே தாடை குறைபட்ட ஒருவருக்கு இவ்வுலோக வேர்களை ஊன்றினார். அவர் 2006இல் இறக்கும்வரை அவை நிலைத்திருந்தன. எனினும் ஊன்றுவதற்கு எலும்பு வேண்டுமே. 1980இல் பிரைன் என்பவரோடு சேர்ந்து, கால் எலும்பினின்று எடுத்துத் தாடையைக் கட்டிய அனுபவத்தை பிரோனமார்க் வெளியிட்டார். மேல்தாடைக் கடைவாய்க்கு மேலே காற்றறை ஒன்று உண்டு. அதன் மென்சவ்வைக் கிழியாமல் தூக்கி, அடியில் எலும்பை நிரப்பும் முறையை அமெரிக்கரான பாயினும் ஜேம்சும் அதே ஆண்டில் விளக்கினர். எலும்பை வளரத் தூண்டும் பொருள் எலும்பிலேயே உள்ளது என்று மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் காட்டியிருந்தார். அத்தகைய புரதமொன்றைச் செய்துகொண்டு தாடையில் பயன்படுத்த 2007இல் அமெரிக்க அரசு இசைவளித்தது.

எனக்கு அத்தனை புதுமை தேவைப்படவில்லை. என் தாடையின் பின்புறத்திலிருந்தே சிறிது எலும்பைச் சுரண்டி, பதப்படுத்திய மாட்டெலும்புத் துகளோடு கலந்து வைத்துத் தைத்தார்கள். மூன்று நாள் கன்னம் வீங்கியிருந்தது, கஞ்சிதான் உணவு. ஐந்து மாதம் கழித்து வரச்சொன்னார்கள். "இவ்வளவு நாள் எதற்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். பார்த் கண்ட வேலை உள்ளே நடக்கிறது என்றேன். இரண்டு மாதம் முடிந்திருக்கிறது.