இரத்தத்திற் புரதம்: ஓர் எண்ணின் வரலாறு



சம்மாந்துறையில் அறுவடை முடிந்திருந்த ஒரு மாலைப் பொழுதில், எமது பாடசாலை மாணவன் ஒருவனின் தந்தையார் இரண்டு இரத்தப் பரிசோதனைத் தாள்களுடன் என்னிடம் வந்தார். "சேர், உம்மாட கால் வீங்கியிருக்கு. போன மாதம் புரதம் 6.1. இப்ப 61. ஒரு மாதத்தில பத்து மடங்கு கூடுமா?" என்று கலங்கினார்.

இரண்டும் ஒரே அளவுதான். ஓர் ஆய்வுகூடம் நூறு மில்லிலீற்றருக்கும், மற்றையது ஒரு லீற்றருக்கும் கணக்கிட்டு எழுதியிருந்தது. அவர் ஆறுதலடைந்தார், எனக்கோ வேறொரு வினா எழுந்தது. லீற்றருக்கு 60 முதல் 80 கிராம் வரை இயல்பு என்று வரையறுத்தவர் யார்?

கதை 1827ஆம் ஆண்டில், இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் தொடங்குகிறது எனலாம். ரிச்சர்ட் பிரைட் என்ற வைத்தியர், உடல் வீங்கிய நோயாளரின் சிறுநீரை ஒரு கரண்டியிலிட்டு மெழுகுவர்த்திச் சுடரிற் காய்ச்சினார். முட்டையின் வெண்கரு போல அது திரண்டது. அத்தகையோரின் இரத்தத்தில் அல்புமின் என்னும் புரதம் குறைந்திருப்பதை அவருடைய நண்பர் ஜோன் பொஸ்டொக் இரசாயனப் பரிசோதனையாற் காட்டினார். எளிய கருவிகள், ஆயினும் எத்துணைக் கூர்மையான பார்வை! சிறுநீரகம் பழுதுற்றால் புரதம் ஒழுகிப் போகிறது என்பது இவ்வாறு புலனாயிற்று.

ஒழுகினால் கால் வீங்குவானேன்? 1896இல் ஏர்னெஸ்ட் ஸ்டார்லிங் விடை கண்டார். இரத்தத்திலுள்ள புரதங்களே நீரை நாளங்களுக்குள் ஈர்த்து வைத்திருக்கின்றன. அவை குறைந்தால் நீர் தசைகளுக்குட் கசியும். பின்னர் 1937இல் சுவீடன் நாட்டு ஆர்னே டிசேலியஸ் மின்னோட்டத்தின் உதவியால் அல்புமினையும் பல்வகைக் குளோபுலின்களையும் பிரித்துக் காட்டினார். 1948இல் நோபல் பரிசும் பெற்றார்.

இயல்பு அளவு என்பது ஆரோக்கியமான பலரை அளந்து, நடுவிலுள்ள 95 வீதத்தினரின் எல்லையை எடுத்துக்கொள்வதாகும். ஆகவே நலமுள்ள நூறு பேரில் ஏறத்தாழ ஐவர் அவ்வெல்லைக்கு வெளியே நிற்பர். 'இயல்பு' என்ற சொல் மயக்கம் தருவதால், 1969இல் பின்லாந்து அறிஞர்களான கிரெஸ்பெக்கும் சாரிஸும் 'ஒப்பீட்டு அளவு' என்ற பெயரை முன்வைத்தனர். நல்ல பெயர், நம் தாள்களில் இன்னும் முழுமையாக இடம்பிடிக்கவில்லை.

பட்டினியும் வீக்கத்தைத் தருவதுண்டு. கோல்ட் கோஸ்ட்டில் வீங்கிய குழந்தைகளைக் கண்ட சிசிலி வில்லியம்ஸ், அந்நோய்க்கு அம்மக்கள் வழங்கிய குவாஷியோர்க்கர் என்ற பெயரையே 1935இல் வைத்திய உலகுக்கு அறிவித்தார். சேலத்திற் பிறந்த கோபாலன், குன்னூர்ப் போசணை ஆய்வுகூடத்தில் இந்தியக் குழந்தைகளிடம் அந்நோயை ஆராய்ந்தார். உலகெங்கும் புரதப் பஞ்சம் என்ற கூக்குரல் எழுந்த காலத்தில், தானியமும் பருப்பும் கலந்த வழக்கமான உணவையே வயிறு நிறைய உண்டால் புரதமும் பெரும்பாலும் போதும், உண்மையான குறை உணவின் மொத்த அளவிலேதான் என்று அவர் வாதிட்டார்.

மீண்டும் அந்தத் தாளைப் பார்த்தேன். மொத்தப் புரதம் 61, எல்லைக்குள். அதன் கீழே அல்புமின் 24. இருக்க வேண்டியதோ 35 முதல் 50 வரை. குளோபுலின் நிரப்பி நின்றமையால் மொத்தத்தில் குறை தெரியவில்லை. மகனோ புரத மா டின் ஒன்றை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். "அதை வைத்துவிட்டு, இந்த இரண்டாவது வரியை டொக்டரிடம் காட்டுங்கள்" என்றேன். மறுநாள் டொக்டர் முதலிற் கேட்டது, பிரைட் காய்ச்சிப் பார்த்த அதே சிறுநீரைத்தான்.