ஆற்றங்கரை நிலமும் நம் மக்களும்

ஆற்றங்கரையில் நாகரிகம் முகிழ்த்தது என்று பள்ளியில் படிக்கின்றோம். அக்கரையில் குடியிருந்தோர் யாவர், அவர்கள் எக்காரணத்தால் அங்கிருந்து எழுப்பப்பட்டனர் என்பனவற்றைப் பாடநூல்கள் கூறுவதில்லை. நமக்குத் தெற்கே நொய்யல் ஓடுகின்றது. அதன் கரையில் திருப்பூர் மாநகர் விரிந்து வருகின்றது. ஆதலின் இவ்வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

நம் முன்னோர் பலர் ஆற்றோரங்களில் குடிசையிட்டது விருப்பத்தால் அன்று; ஊருக்குள் நிலம் மறுக்கப்பட்டமையால் ஆகும். ஆங்கிலேயர் ஆட்சியின் வருவாய்க் கணக்கில் வரி செலுத்தும் நிலம் பட்டா நிலமாயிற்று. ஆறும் கரையும் சாலையும் சுடுகாடும் புறம்போக்காயின. ஒடுக்கப்பட்டோர்க்கென 1892ஆம் ஆண்டு ஆணையால் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுள்ளும் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. நிலமற்றவன் நகரம் நாடி வந்தபோது அவனுக்கு எஞ்சி நின்றது புறம்போக்கே.

சென்னைக் கூவம் ஆற்றின் வரலாறு இதனை நன்கு விளக்கும். 1734ஆம் ஆண்டளவில் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவத்தின் வளைவில் நெசவாளரையும் நூற்போரையும் குடியமர்த்தக் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் ஊரை அமைத்தது. அதுவே சின்னத் தறிப்பேட்டை எனப்பட்டு, இன்று சிந்தாதிரிப்பேட்டையாக விளங்குகின்றது. கம்பெனிக்குத் துணி தேவைப்பட்டது. ஆதலின் உழைப்பாளிக்குக் கரையில் இடம் கிடைத்தது. பின்னலாடைத் தொழிலால் வாழும் நம் பகுதியினர் இச்செய்தியை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1970ஆம் ஆண்டில் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியது. அடுத்த ஆண்டிலேயே அதற்கான சட்டமும் வந்தது. அக்காலத்தில் சென்னை நகருக்குள்ளேயே அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல கட்டப்பெற்றன. தொழிலும் பள்ளியும் பக்கத்திலேயே இருந்தன. 1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 சேர்க்கப்பட்டன. அதன்பின் பல்லாண்டுகள் எப்பகுதியும் அவ்வாறு அறிவிக்கப்படவில்லை. அறிவிக்கப்பட்டால் அப்பகுதி சட்டப் பாதுகாப்பைப் பெறும். அறிவிக்கப்படாதது வெறும் ஆக்கிரமிப்பாகவே எண்ணப்படும். ஒரு தாளின் வலிமை இத்தகையது!

2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 20 முதல் 30 கிலோமீட்டர் தொலைவில் பெருங்குடியிருப்புகள் எழுந்தன. 604 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கூவம் சீரமைப்புத் திட்டம் 2015இல் ஒப்புதல் பெற்றபோது, 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை இடம் பெயர்ப்பதும் அதன் ஒரு பகுதியாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் மாதப் பெருவெள்ளம் அப்பணியை விரைவுபடுத்தியது. வெள்ளம் புகும் கரையில் மக்கள் வாழ்வது ஆபத்து என்பதை நாம் மறுக்கவில்லை. ஆறு தூய்மை பெறுதலும் வேண்டுவதே. ஆயின் கல்வியாண்டின் நடுவில் வீடிழந்த மாணவர் எத்தனையோ பேர் படிப்பைக் கைவிட்டனர். வீட்டு வேலைக்கும் சுமை தூக்கவும் சென்ற பெற்றோர் வேலையிழந்தனர். வீடு கிடைத்தது, வாழ்வு போயிற்று. வாழ்வாதாரமும் உயிர் வாழும் உரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இலேயே கூறியிருந்தும் நிலைமை இதுவே. அவ்வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. வாழ்விடம் என்னும் சொல்லின் முழுப்பொருளும் நிறைவேற வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இனி நொய்யலுக்கு வருவோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியிற் கலக்கும் இவ்வாற்றில், பாசனத்திற்கென 1992இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. ஆற்றைக் கெடுத்தது கரையோரக் குடிசையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 2017இல் திருப்பூர் சீர்மிகு நகரத் திட்டத்திற்குத் தேர்வாயிற்று. நதிக்கரையை அழகுபடுத்தும் எண்ணமும் வளர்ந்தது. அழகு வரட்டும், ஆனால் அளவுகோல் ஆலைக்கும் குடிசைக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

இளைஞர்களே! 1927இல் மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அள்ளிப் பருகினார். நீரின்மேல் நமக்குள்ள உரிமையை அவர் நிலைநாட்டினார். கரையின்மேல் உள்ள உரிமையை நாம் காத்தல் வேண்டும். நில அளவை வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பட்டா, அடங்கல், குடும்ப அட்டை ஆகியவற்றைப் பேணிக் காக்குமாறு நம் உறவினர்க்கு எடுத்துரையுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, திட்டம் தாளில் இருக்கும்போதே கேட்டறியுங்கள். இயந்திரம் வந்து நின்றபின் கேட்பதிற் பயனில்லை. நம் கல்விக் கழகம் இத்தனை ஆண்டுகள் எழுத்தறிவித்தது தேர்வில் வெல்வதற்கு மட்டுமன்று. நம் குடியிருப்பைப் பற்றி எழுதப்படும் ஒவ்வோர் ஆணையையும் நாமே படித்துணர்வதற்கும் ஆகும்.