பிச்சாவரம் காடுகளும் கூட்டுப் பொறுப்பும்

கோட்டையூரிலும் அதனைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களிலும் ஊருணியின் அருமையை அறியாதார் இலர். குடிநீர் ஊருணியில் கால் கழுவலாகாது, ஆடுமாடுகளை இறக்கலாகாது என்பன எழுதாச் சட்டங்கள். நீரைப் பருகுவோரே அதன் காவலராயும் இருந்தமையால் அவை நிலைபெற்றன. ஆனால் பயன்பெறுவோர் ஒருபுறமும் ஆணையிடுவோர் மறுபுறமுமாகப் பிரிந்துவிடின் நேர்வது யாது? சோழமண்டலக் கரையிலுள்ள பிச்சாவரத்தின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகிறது.

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட உப்பங்கழிகளில் அமைந்தவை பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகள். சிதம்பரத்தின் பழம்பெயராகிய தில்லை, இத்தகைய காடுகளில் வளரும் மரமொன்றின் பெயரேயாகும். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இச்சேற்று நிலத்தில் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் பெருகுகின்றன. சுற்றிலுமுள்ள மீனவர்களும், இறாலைக் கையால் தடவிப் பிடித்து வாழ்ந்த இருளர்களும் இக்கழிகளையே நம்பியிருந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் தொடங்கி 1970கள் வரை, அரசு இக்காட்டைக் கூறுகளாகப் பிரித்து, ஆண்டுமுறை வைத்து, ஒவ்வொரு கூற்றையும் முற்றாக வெட்டி வந்தது. வெட்டிய இடம் தானே மீண்டும் தழைக்கும் என்பது அன்றைய கணக்கு. பல இடங்களில் அது தழைக்கவில்லை. பழி கிராமத்தார்மேல் விழுந்தது. அவர்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததுமே காட்டின் அழிவுக்குக் காரணம் எனக் கருதப்பட்டது.

சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1993 முதல் இங்கு மேற்கொண்ட ஆய்வு, முதன்மைக் காரணம் வேறென்று காட்டியது. மரநிழல் இழந்த சேற்றுநிலம் வெயிலில் உலர்ந்து தொட்டிபோல் தாழ்ந்தது. ஓதத்தில் புகுந்த கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கி வற்ற, உப்பு மிகுந்து கன்றுகள் பிழைக்கவில்லை. ஆகவே காட்டை அழித்ததில் பெரும்பங்கு ஏழையின் அரிவாளுக்கன்று, அலுவலகத்தின் திட்டத்திற்கே உரியதாயிற்று.

நோயை அறிந்தபின் மருந்து எளிதாயிற்று. மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டு, ஓதநீர் வந்துபோக வழி செய்யப்பட்டது; பின்னரே கன்றுகள் நடப்பட்டன. ஆயினும் வாய்க்கால் ஆண்டுதோறும் தூர்ந்துபோம். அதைத் தூர்வாரவும் கன்றுகளைக் கால்நடைகளிடமிருந்து காக்கவும் ஊராரன்றி யார் உளர்? 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையும், 1990இல் மத்திய அரசு விடுத்த சுற்றறிக்கையும் வனத்துறையும் மக்களும் இணைந்து காடு பேணுதற்கு வழி திறந்திருந்தன. அம்முறை இங்குச் சதுப்பு நிலத்திற்கேற்ப மாற்றியமைக்கப்பட்டது. கிராம மன்றங்கள் தோன்றின. ஆடவரோடு பெண்டிரும் உறுப்பினராயினர். காட்டை மீட்கும் பணியோடு, கிராமத்தின் வாழ்க்கைத் தேவைகளும் ஒரே திட்டத்தில் இடம்பெற்றன. வயிற்றுப்பாட்டைக் கேளாது காவலை மட்டும் கேட்பது நீதியன்று என்பதை இம்மன்றங்கள் உணர்த்தின.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, கடலூர் மாவட்டத்தில் மரச்செறிவின் பின்னிருந்த ஊர்கள் குறைந்த சேதமே அடைந்தன என மறு ஆண்டில் வெளியான ஆய்வொன்று கூறிற்று. கடலிலிருந்துள்ள தொலைவும் தரையின் உயரமுமே பெருங்காரணம் என மறுத்தோரும் உளர். காடு ஒன்றே அரணாகுமென நாம் மிகைபடக் கூற வேண்டுவதில்லை. 2022இல் பிச்சாவரம் ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

இவ்வறிவிப்பு பெருமைக்குரியதே, எனினும் பட்டியலில் இடம்பெறுவதால் மட்டும் வாய்க்கால் தூர்வாரப்படுவதில்லை. பிச்சாவரம் கற்பிப்பவை இரண்டு. பழி சுமத்துமுன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். பொறுப்பைப் பகிர்வோருக்கு முடிவெடுப்பதிலும் பங்கு வேண்டும். முன்னது இன்றேல் எளியோர் குற்றவாளிகளாவர். பின்னது இன்றேல் அவர்கள் கூலியாட்களாவர். கடற்கரைச் சேகரங்களில் ஊழியம் செய்யும் ஆயர்கள் ஈரநிலப் பாதுகாப்பைப் பற்றிய கூட்டங்களுக்கு அழைக்கப்படுவதுண்டு. அங்கே மேடையில் அமர்ந்தவர் யாரென்று நோக்குவதோடு, நாள்தோறும் அச்சேற்றில் இறங்குவோருக்கு அம்மன்றத்தில் இருக்கை உண்டா என்றும் அவர்கள் வினவுவாராக.