சேர்க்கை சரியில்லாத உலோகம்

பவுண்டரியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றின் கியர்பாக்ஸ் கூட்டை மேஸ்திரி மேசைமேல் வைத்தார். எஃகு போல்ட் இறங்கிய துளையைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருந்தது. விரலால் வழித்தால் அடியில் பள்ளம். போல்ட்டோ நேற்று வாங்கியதுபோல இருந்தது. "மெக்னீசியமே இப்படித்தான் தம்பி, உப்புக்காத்து பட்டா கரைஞ்சிடும்" என்றார். அந்த மாவு மெக்னீசியம் ஹைட்ராக்சைடு; மலச்சிக்கலுக்கு வீட்டில் கொடுப்பார்களே, மில்க் ஆஃப் மக்னீசியா, அதே சரக்கு.

மேஸ்திரி சொன்னது பாதிதான் சரி என்று புரிய எனக்கு வருஷங்கள் ஆயின. உலகத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

1808-இல் ஹம்ப்ரி டேவி இந்த உலோகத்தைப் பிரித்துக் காட்டினார். 1909-இல் பிராங்பர்ட் வான்கலக் கண்காட்சியில் ஜெர்மனியின் கிரீஷைம் எலெக்ட்ரான் நிறுவனம் மெக்னீசியக் கலவைகளைக் கடைவிரித்தது. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இதற்கு 1.74தான். விமானம் கட்டுகிறவர்களுக்கு ஆசை வராமல் இருக்குமா? ஆனால் அலுமினியத்தின் ஆக்சைடு உடம்பை ஒட்டி மூடும். மெக்னீசியத்தின் ஆக்சைடோ, அது உண்டான உலோகத்தின் கன அளவில் ஐந்தில் நாலு பங்குதான். வளர்ந்த பிள்ளைக்குப் போன வருஷத்துச் சட்டை மாதிரி, எங்காவது உடம்பு தெரியும்.

அதைவிடப் பெரிய வினை கூட்டாளியால் வந்தது. 1906-இல் பெல்ஜிய அறுவை மருத்துவர் அல்பான் லாம்பாட் ஒரு பதினேழு வயதுப் பையனின் முறிந்த காலில் மெக்னீசியத் தகடு வைத்தார். ஆணிகள் தங்க முலாம் பூசிய எஃகு. எட்டே நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் வாயு திரண்டது. பழி தகட்டின்மேல் விழுந்தது. உடம்பின் உப்புநீரில் அந்தத் தகடும் ஆணியும் சேர்ந்து ஒரு பேட்டரியாகிவிட்டிருந்தன.

வெளியே இருக்கும் ஆணியைக் கண்ணால் பார்க்கலாம். உள்ளேயே இருக்கும் ஆணியை 1942-இல்தான் பிடித்தார்கள். அமெரிக்காவின் டௌ கெமிக்கல் நிறுவனத்தில் ஹானவால்ட், நெல்சன், பெலூபே மூவரும் சுத்த மெக்னீசியத்தில் ஒவ்வொரு உலோகமாகக் கொஞ்சம் கொஞ்சம் கலந்து, 3 சதவீத உப்புநீரில் முக்கி முக்கி எடுத்தார்கள். இரும்பு 0.017 சதவீதம் வரை சாது. அதைத் தாண்டினால் அரிப்பு விறுவிறுவென்று ஏறியது. பத்துக் கிலோ மெக்னீசியத்தில் 1.7 கிராம் இரும்பு, அதாவது கால் பவுனுக்கும் குறைவு! நிக்கலுக்கு வரம்பு 0.0005 சதவீதம், பத்துக் கிலோவுக்கு இரண்டு மூன்று அரிசிமணி எடை.

இந்த இரும்பு எங்கிருந்து வருகிறது? காய்ச்சும் எஃகு மூசையிலிருந்தேதான். உசத்திப் பாத்திரம் என்று நிக்கல் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காய்ச்சினால் இன்னும் மோசம். மருந்து மாங்கனீசு. அது இரும்பைக் கட்டி இழுத்துக்கொண்டு அடியில் வண்டலாக இறங்கும். தீப்பிடிக்காமலிருக்கக் கந்தகப் பொடி தூவிக்கொண்டே வார்க்கும்போது, அந்த வண்டலைத் தொடக்கூடாது. ஒருமுறை கடைசி அச்சுக்கு உலோகம் போதவில்லை என்று அடியைச் சுரண்டி ஊற்றினேன். மற்ற வார்ப்புகள் உப்புத் தெளிப்புச் சோதனையில் தாக்குப்பிடிக்க, என் கைவேலை மட்டும் அம்மைத் தழும்பாக வந்தது. அன்றைக்கு மேஸ்திரி உலோகத்தைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார்.

இத்தனை தொல்லை இருந்தும், போக்ஸ்வேகன் பீட்டில் கார் ஒவ்வொன்றிலும் 20 கிலோவுக்கு மேல் மெக்னீசியம் ஓடியது. 1980-களில் இரும்பை 0.005 சதவீதத்துக்குள் அடக்கிய ஏஇசட்91டி கலவை வந்ததும், உப்புத் தெளிப்பில் அலுமினிய வார்ப்புக்கு இணையாக நின்றது. ஆனாலும் எஃகு போல்ட்டுக்கு அடியில் அலுமினிய வாஷர் போடாமல் விட்டால், சுத்தமான மெக்னீசியத்துக்கும் அதே வெள்ளை மாவுதான்.

போன மாதம் வீட்டு கீசரைக் கழற்றினேன். உள்ளே எஃகுத் தொட்டியைக் காக்க வைத்திருந்த மெக்னீசியக் கம்பி, விரல் தடிமனில் இருந்தது குச்சியாக இளைத்திருந்தது. தொட்டி ஒழுகவில்லை. கூடாத சேர்க்கைதான், இங்கே வேண்டுமென்றே செய்தது. 

புதுக் கம்பி ஒன்று வாங்கி மாட்டினேன்.