போத்தோசி மலையும் எண்பது லட்சம் என்ற கணக்கும்

ஸ்பானிஷ் மொழியில் ஒரு வழக்கு உண்டு: "வாலே உன் போத்தோசி". ஒரு போத்தோசிக்குச் சமம் என்று பொருள். விலை மதிக்க முடியாத பொருளையோ மனிதரையோ இப்படிச் சொல்வார்கள். நாம் "குபேர சம்பத்து" என்கிறோமே, அது போல. குபேரனின் அளகாபுரியை யாரும் பார்த்ததில்லை. போத்தோசி என்ற ஊர் மட்டும் நிஜமாகவே இருக்கிறது. தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டில், கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே, ஒரு சிவந்த மலையின் அடியில்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள பொலிவியாவின் சுக்ரே நகரில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். காலையில் மொழி வகுப்பு. மாலையில் ஒரு சிறுவர் மையத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வ வேலை. சுக்ரே வெள்ளையடித்த வீடுகள் கொண்ட அமைதியான ஊர். 1825-இல் பொலிவியாவின் சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தானது இங்கேதான். அரசியல் சட்டப்படி நாட்டின் தலைநகரமும் இதுவே. மையத்துக்கு வரும் பிள்ளைகளில் பலரின் குடும்பங்கள் போத்தோசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவை. "சனி, ஞாயிறு சும்மா இருக்காதீர்கள், போத்தோசிக்குப் போய் வாருங்கள். அதைப் பார்க்காமல் இந்த நாடு புரியாது" என்றார் எங்கள் ஆசிரியை. சுமார் 160 கிலோமீட்டர், பஸ்ஸில் மூன்று மணி நேரம்.

ஊருக்குள் நுழையும் முன்பே மலை தெரிந்துவிடுகிறது. செரோ ரிகோ, அதாவது பணக்கார மலை. கோலப்பொடியைக் குவித்து வைத்தது போலக் கூம்பு வடிவம். உயரம் சுமார் 4,800 மீட்டர். 1545-இல் தியேகோ உவால்பா என்ற உள்ளூர்க்காரர் இங்கே வெள்ளி இருப்பதைக் கண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மூட்டிய நெருப்பின் சூட்டில் மண்ணிலிருந்து வெள்ளி உருகி ஓடியது என்பது அதற்குக் கை கால் வைத்த கதை. கதை எப்படியிருந்தாலும், அந்த ஆண்டே ஸ்பானியர்கள் வந்து சேர்ந்தார்கள். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இந்த ஊருக்கு "பேரரசின் நகரம்" என்ற பட்டம் கொடுத்தார். 1611-இல் இதன் மக்கள்தொகை 1,60,000 என்று கணக்கிடப்பட்டது. அந்தக் காலத்து ஐரோப்பியப் பெருநகரங்களோடு ஒப்பிடத்தக்க எண் அது. புல்கூடச் சரியாக முளைக்காத குளிர்மேட்டில் இத்தனை ஜனம்!

முதல் இருபத்தைந்து ஆண்டுகள் வெள்ளியை உருக்கும் தொழில் பூர்வகுடி மக்களின் கையில்தான் இருந்தது. மலைச்சரிவில் சிறு சிறு மண் உலைகளை வைத்து, காற்றையே துருத்தியாக்கி உருக்கினார்கள். அந்த உலைக்குப் பெயர் "வாய்ரா". கெச்சுவா மொழியில் காற்று என்று பொருள். இரவில் அந்த உலைகளின் நெருப்பு மலை முழுவதும் தெரியுமாம். நல்ல கனிமம் தீர்ந்து தரம் குறைந்தது மிஞ்சியபோது இந்த முறை பலிக்கவில்லை. விளைச்சல் சரிந்தது.

அப்போது வந்தவர் பெருவின் அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தெ தொலேதோ. 1570-களின் தொடக்கத்தில் அவர் மூன்று ஏற்பாடுகளைச் செய்தார்.

முதலாவது பாதரசம். கனிமத்தை இடித்துப் பொடியாக்கி, உப்பும் பாதரசமும் கலந்து மிதித்தால் வெள்ளி பாதரசத்தோடு சேர்ந்துகொள்ளும். பிறகு சூடேற்றிப் பாதரசத்தை ஆவியாக்கினால் வெள்ளி மிஞ்சும். மெக்சிகோவில் ஏற்கெனவே வழக்கத்துக்கு வந்திருந்த முறை இது. பெருவின் உவாங்காவெலிகாவில் 1560-களில் பாதரசச் சுரங்கம் கிடைத்திருந்தது வசதியாகிவிட்டது. அந்த ஆவியைச் சுவாசித்தவர்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது தண்ணீர். கனிமம் இடிக்கும் ஆலைகளை ஓட்ட, ஊருக்கு மேலே மலைகளில் ஏரிகளைக் கட்டி, கால்வாய் வெட்டி, கரையோரம் வரிசையாக ஆலைகளை அமைத்தார்கள். 1626 மார்ச்சில் சான் இல்தெபோன்சோ ஏரியின் கரை உடைந்து ஆலைகளையும் குடியிருப்புகளையும் அடித்துக்கொண்டு போனது. பழைய ஆலைகளின் கல்சுவர்களை இன்றும் ஊருக்குள் பார்க்கலாம்.

மூன்றாவது ஆட்கள். இதுதான் "மித்தா". கெச்சுவாவில் "முறை" என்று அர்த்தம். இன்கா அரசர்கள் காலத்திலேயே சாலை, வயல், கோயில் வேலைகளுக்கு ஊர் ஊராக முறை வைத்து ஆள் அனுப்பும் வழக்கம் இருந்தது. தொலேதோ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றினார். 16 மாகாணங்கள், ஏழு பேருக்கு ஒருவர் வீதம், ஆண்டுக்குச் சுமார் 13,500 ஆண்களைப் போத்தோசிக்கு அனுப்ப வேண்டும். கூஸ்கோ பக்கத்திலிருந்து வருவோருக்கு மாதக்கணக்கில் நடை. மனைவி மக்களோடு, லாமா விலங்குகளின் முதுகில் தானியமும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். திங்கட்கிழமை மலையடியில் நிறுத்தி எண்ணி, சுரங்க முதலாளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். கூலி உண்டு. ஆனால் அதே வேலைக்குத் தானாக வரும் கூலியாளுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. வாங்கியது சாப்பாட்டுக்கே போதாது. தோமிங்கோ தெ சாந்தோ தோமாஸ் என்ற பாதிரியார், தொலேதோ வருவதற்கு இருபது ஆண்டு முன்பே, 1550-இல் ஸ்பெயினுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சுரங்கத்தை நரகத்தின் வாய் என்று வர்ணித்திருக்கிறார். கெச்சுவா மொழியின் முதல் அச்சிட்ட இலக்கணத்தை 1560-இல் வெளியிட்டவரும் அவர்தான். ஜனங்களின் பாஷையைக் கற்றவர் காதில் ஜனங்களின் கஷ்டமும் விழுந்திருக்கிறது.

ஊரில் பார்க்க வேண்டிய முதல் இடம் காசா தெ லா மொனேதா, அதாவது நாணயச்சாலை. 1773-இல் கட்டி முடித்த கோட்டை போன்ற கட்டடம், இப்போது அருங்காட்சியகம். வெள்ளிப் பாளங்களைத் தகடாக நசுக்கும் பிரம்மாண்டமான மரப்பல் சக்கரங்கள் மேல்தளத்தில் இருக்கின்றன. அவற்றைச் சுழற்றிய கோவேறு கழுதைகள் கீழ்த்தளத்தில் செக்குமாடு போலச் சுற்றி வந்தன. இதற்கு முந்தைய நாணயச்சாலையில் நடந்த ஒரு மோசடி ஐரோப்பாவையே கலக்கியது. நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டிவிட்டார்கள். விசாரணை நடந்து, கோமெஸ் தெ லா ரோச்சா என்ற பெரும் பணக்காரருக்கு 1650-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அங்கே ஓர் ஓவியம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, வரைந்தவர் பெயர் கிடையாது. மலையே மாதாவின் உடை. உச்சியில் மாதாவின் முகம், இருபுறமும் நீட்டிய கைகள். மேலே முடிசூட்டும் தெய்வங்கள், கீழே போப்பாண்டவரும் அரசரும் மண்டியிட்டு நிற்கிறார்கள். மலைச்சரிவில் எறும்பு அளவில் மனிதர்கள், லாமாக்கள். பூர்வகுடி மக்களுக்கு பூமி பச்சமாமா என்னும் தாய். அவர்கள் அந்த ஓவியத்தில் யாரைக் கும்பிட்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். "இந்த மலை எண்பது லட்சம் பேரை விழுங்கியது" என்று வழிகாட்டி சொன்னார். ஊரில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்கிறார்கள். உருகுவே எழுத்தாளர் எதுவார்தோ கலேயானோ 1971-இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்திலும் இந்த எண் இருக்கிறது. கணக்குப் பிரிவிலேயே உத்தியோகத்தைக் கழித்தவனுக்கு ஓர் எண்ணைக் கேட்டால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. அன்றிரவு விடுதியில், தலைவலிக்குக் கோக்கா இலைத் தேநீரைக் குடித்துக்கொண்டு, நோட்டில் போட்டுப் பார்த்தேன்.

மித்தா 1573 வாக்கில் தொடங்கியது. 1812-இல் ஸ்பானிய நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. 239 ஆண்டுகள். ஆண்டுக்கு 13,500 பேர் என்றால் 32 லட்சத்துச் சொச்சம். இது அதிகபட்சம். ஒரே ஆள் வாழ்நாளில் பலமுறை வந்ததால் தலைகள் இன்னும் குறைவு. ஆண்டு எண்ணிக்கையும் நிலையாக நிற்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே போய்விட்டது. வந்தவர்கள் ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை என்று வைத்தாலும் எண்பது லட்சம் வராது. தானாக வந்த கூலியாட்களைச் சேர்த்தாலும் வராது. இந்தக் கூலியாட்களை "மிங்கா" என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுரங்கத் தொழிலில் அவர்களே மித்தாக்காரர்களைவிட அதிகம் என்று பீட்டர் பேக்வெல் என்ற வரலாற்றாசிரியர் ஆவணங்களைக் கொண்டு காட்டியிருக்கிறார்.

அப்படியானால் கொடுமை பொய்யா? இல்லவே இல்லை. எண்ணைத் தப்பான இடத்தில் தேடுகிறோம் என்றுதான் சொல்கிறேன். கொள்ளை நோய்களால் ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்த காலம் அது. ஊரில் ஆள் குறைந்தாலும் அனுப்ப வேண்டிய ஆள் கணக்கு உடனே குறையாது. ஏழு ஆண்டுக்கு ஒரு முறை போக வேண்டியவன் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போனான். பிறந்த ஊரை விட்டு ஓடி வேற்றூரில் குடியேறினால் மித்தா கிடையாது. ஆகவே ஆயிரக்கணக்கானோர் நிலத்தையும் உறவையும் விட்டுவிட்டு ஓடினார்கள். ஓடியவர்களின் பங்கு மிஞ்சியவர்கள் தலையில் விழுந்தது. ஆள் கொடுக்க முடியாத ஊர்த்தலைவர் அதற்குப் பதில் வெள்ளியாகக் கட்ட வேண்டும். சில முதலாளிகள் சுரங்கத்தையே நடத்தாமல் அந்தப் பணத்தை வாங்கிப் பிழைத்தார்கள். இப்படி ஏட்டில் மட்டும் இருந்த ஆட்களுக்கு "சட்டைப்பை இந்தியர்கள்" என்று ஸ்பானிஷில் ஒரு பெயரே உண்டு. அரசாங்கக் கணக்கில் ஒரு மனிதன், நிஜத்தில் முதலாளியின் பையில் சில காசுகள்.

அந்தக் காசு எங்கே போயிற்று? ஸ்பெயினில் தங்கவில்லை. போருக்கும் கடனுக்கும் கைமாறி ஐரோப்பா முழுவதும் பரவியது. பசிபிக்கைக் கடந்து மணிலா வழியாகச் சீனாவுக்குப் போனது. டச்சு, ஆங்கிலக் கம்பெனிகளுக்கு ஆசியாவில் விற்கும்படியான சரக்கு அதிகம் இல்லை. நம் சோழமண்டலக் கரையின் துணிகளை வாங்க அவர்கள் கப்பலில் கொண்டுவந்த வெள்ளியில் போத்தோசி, மெக்சிகோ சுரங்கங்களின் பங்கு பெரியது. பழவேற்காட்டிலும் சென்னையிலும் அந்த வெள்ளியை வராகனாக மாற்றித்தான் நெசவாளருக்கு முன்பணம் போயிற்று. நம் தறிக்காரர்கள் கேள்விப்பட்டிராத ஒரு மலை, அவர்கள் கூலியின் மறுமுனையில் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுரங்கத் தொழிலாளர் சந்தைக்குப் போனேன். கோக்கா இலை, சிகரெட், சாராயம் இவற்றோடு வெடிமருந்துக் குச்சியையும் கடையில் வைத்து விற்கிறார்கள். உள்ளே போகும் பயணிகள் தொழிலாளருக்கு அன்பளிப்பாக வாங்கிப் போவது வழக்கம். இருக்கும் உயரத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியதால் நுழைவாயிலோடு நின்றுகொண்டேன். உள்ளே "தியோ" என்ற கொம்பு வைத்த சாமி உண்டு. ஸ்பானிஷில் தியோ என்றால் மாமா, சித்தப்பா. கடவுளைக் குறிக்கும் "தியோஸ்" என்ற சொல்லின் முதல் ஒலி கெச்சுவா நாக்குக்கு வல்லினமாக மாறி இப்படி ஆனது என்றும் சொல்கிறார்கள். மாதா மலைக்கு வெளியே, மாமா மலைக்கு உள்ளே. அவர் வாயில் சிகரெட்டை வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்கும்.

வெள்ளி குறைந்த பிறகு வெள்ளீயம் வந்தது. பெரிய சுரங்கங்களை 1952-இல் அரசு எடுத்துக்கொண்டது. 1985-இல் வெள்ளீயத்தின் விலை விழுந்ததும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். இப்போது கூட்டுறவுக் குழுக்கள் மிச்சத்தைச் சுரண்டுகின்றன. தூசியால் வரும் நுரையீரல் நோய் இன்றும் ஆட்களைக் கொல்கிறது. குடைந்து குடைந்து மலையின் உச்சியே 2011-இல் உள்வாங்கியது. 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இந்த ஊரை 2014-இல் யுனெஸ்கோ ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது.

திரும்பி வந்த பிறகு ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். மெலிசா டெல் என்ற பொருளாதார அறிஞர் 2010-இல் வெளியிட்டது. பெருவில் மித்தா எல்லைக்கு உள்ளே இருந்த பகுதிகளையும், எல்லைக்குச் சற்று வெளியே இருந்த பகுதிகளையும் ஒப்பிட்டிருக்கிறார். மித்தா ஒழிந்து இருநூறு ஆண்டு ஆகப்போகும் நேரத்திலும், உள்ளே இருந்த பகுதிகளில் குடும்பங்களின் நுகர்வு சுமார் 25 சதவீதம் குறைவு. வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் அதிகம். சாலைகளும் குறைவு.

எண்பது லட்சத்தை நான் நம்பவில்லை. இந்த 25 சதவீதத்தை நம்புகிறேன். செத்தவர் எண்ணிக்கையைப் பெரிதாக்கிச் சொன்னால், அது முடிந்துபோன துயரமாக ஆகிவிடுகிறது. கேட்டவர் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம். உயரம் குறைந்த ஒரு பிள்ளையை அப்படிக் கடந்துபோக முடியாது. அந்தக் கணக்கு இன்னும் நடப்பில் இருக்கிறது.