லயத்து மண்ணும் பூச்சி மருந்தும்

ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரப் பிரிவு 1916இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. சோதித்த தமிழ்த் தொழிலாளரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வயிற்றில் புழு இருந்தது. அன்றைய மருந்து தைமோல். முதல் நாள் இரவு பேதி உப்பு. விடிந்ததும் வெறும் வயிற்றில் இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை தைமோல். பிறகு மறுபடியும் பேதி உப்பு. அன்று எண்ணெய், நெய் எதுவும் ஆகாது. கொழுப்பில் கரைந்தால் மருந்து உடம்பில் ஏறி விஷமாகிவிடும். பிள்ளைகளுக்கும் இதே முறைதான், அளவுதான் குறைவு. புழு விழுந்தது, ஆனால் அதே மண்ணில் நடந்தவர்களுக்குச் சில மாதங்களில் மறுபடியும் ஏறியது. மலத்தோடு விழும் முட்டை ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரித்து, அந்தப் புழுக்குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைகிறது என்பதை ஆர்தர் லூஸ் 1898இலேயே கெய்ரோவில் கண்டறிந்திருந்தார். ஆகவே மாத்திரையோடு கக்கூசும் வேண்டும் என்பது 1916இல் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தும் அது நடக்கவில்லை என்பதில்தான் மலையகக் குழந்தைகளின் நூறாண்டு நோய் வரலாறு அடங்கியிருக்கிறது.

கக்கூஸ் கட்டும் செலவு தோட்டத்தின் தலையில் விழும். தோட்டத்தை நடத்திய துரைமார் தரப்பு அதற்கு இரண்டு பதில்களை வைத்திருந்தது: புழு தமிழ்நாட்டிலிருந்து வருகிறது, கட்டிக் கொடுத்தாலும் கூலிகள் போகமாட்டார்கள். முதல் பதிலில் பாதி உண்மை உண்டு. ஊரிலிருந்து வந்தவர்கள் பலர் புழுவோடுதான் வந்தார்கள். கப்பலேறுமுன் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் மருந்து கொடுத்தனுப்பும் ஏற்பாடும் அதனால்தான் வந்தது. ஆனால் தோட்டத்திலேயே பிறந்து, கடலையே பார்த்திராத குழந்தைக்கு அந்தப் புழு எங்கிருந்து வந்தது? தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றிய மண்ணிலிருந்துதான். இரண்டாவது பதில் இன்னும் பலவீனமானது. ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாய் நிற்கும் லயத்துக்குத் தள்ளி, தண்ணீர் இல்லாமல், பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒன்றைக் கட்டிவிட்டு, மழையிருட்டில் அங்கே போகாதவர்களின் பழக்கத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

பசியைப் புழுவிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. மலையகத்தில் பரவலாக இருந்த இனத்தைச் சேர்ந்த ஒரு கொக்கிப்புழு நாளுக்கு 0.03 மில்லிலிட்டர் அளவுக்கு இரத்தம் குடிக்கும்; நூறு புழு குடியிருந்தால் 3 மில்லிலிட்டர். நன்றாகச் சாப்பிடும் பெரியவர் அதை ஈடுகட்டிக்கொள்வார். சோற்றையே நம்பியிருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு இழந்த இரும்புச்சத்தை மீட்க வழியில்லை. சோகை பிடிக்கும், வளர்த்தி நிற்கும். அரிசியைத் தோட்டமே கொடுத்துக் கூலியில் பிடித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. அந்த மூன்றாவது எண், கொழுந்துக் கூடையோடு பிள்ளைகளும் மலையேறினார்கள் என்பதற்குச் சட்டமே தரும் சாட்சி.

மாத்திரையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாராவது சொல்லலாம். இல்லை. 1992இல் தோட்டப் பகுதி முழுக்க நடந்த ஆய்வு 90 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் குடற்புழு கண்டது. 1994 முதல் 2005 வரை ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். நிறுத்தி நான்கு ஆண்டு கழித்துப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது அது 29 சதவீதம். பெரிய சாதனைதான். ஆனால் 2016ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம், தோட்டங்களில் சுமார் 32 சதவீதம். எல்லோருக்கும் மொத்தமாகப் பூச்சி மருந்து கொடுப்பதால் சராசரி எடை பெரிதாகக் கூடுவதில்லை என்று கொக்ரேன் ஆய்வுத் தொகுப்புகளும் சொல்கின்றன. அப்படியானால் புழுவுக்கும் மெலிவுக்கும் தொடர்பே இல்லையென்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். அது அவசர முடிவு. புழு போனபின் குழந்தை வளர உணவு வேண்டும்; புழு மறுபடி ஏறாமலிருக்கச் சுத்தமான மண்ணும் தண்ணீரும் வேண்டும். அவை கிடைக்காத இடத்தில் மருந்தை மட்டும் அளந்தால் கணக்கு அப்படித்தான் வரும். தைமோல் காலத்திலிருந்து இன்றைய அல்பெண்டசோல் காலம் வரை மருந்து எத்தனையோ முறை மாறிவிட்டது. ஆனால் லயக் காம்பராவில் இன்றும் பல குடும்பங்கள் பிள்ளை வளர்க்கின்றன.