மூன்றாம் ஆள்

பின்னால் பார்க்காமல் கார்க் கதவைத் திறந்துவிட்டேன். சைக்கிளில் வந்த பெரியவர் அதில் மோதி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு. "பரவால்ல தம்பி"ன்னு சொல்லிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கிட்டே போய்ட்டார். நான் நசுங்கிய கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் சர்வேயர் கணக்குச் சொன்னார். மூணரை வருஷ வண்டி. உலோகப் பாகங்களுக்குத் தேய்மானம் 25 சதவீதம், ரப்பர், பிளாஸ்டிக்குக்கு 50, கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை. கிளெய்ம் பண்ணினால் 35 சதவீத நோ கிளெய்ம் போனஸும் போகும். எரிச்சலா இருந்துச்சு. கதவுக்காகத்தானே இன்சூரன்ஸே?

வரலாறு வேற சொல்லுது. பிரிட்டனின் 1930-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் மோட்டார் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தாலும், காப்பீட்டைப் பற்றிய அதன் எட்டாம் அத்தியாயம் 1946 ஜூலை 1-இல்தான் அமலானது. 1988-இன் புதிய சட்டமும் அந்தக் கட்டாயத்தைத் தொடர்ந்தது. இவற்றில் எதுவும் கதவைப் பற்றிக் கவலைப்படவில்லை. சொந்த வண்டிக்கான காப்பீடு அன்றும் இன்றும் நம் விருப்பம். சட்டத்தின் கவலை ஒன்றுதான்: மோதியவரிடம் காசில்லாவிட்டாலும், அடிபட்டவர் வெறுங்கையோடு போகக் கூடாது. பாலிசியில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் கம்பெனி. ஆனால், அதில் கையெழுத்தே போடாத மூன்றாம் ஆளுக்காகத்தான் அது கட்டாயமானது.

கிளெய்ம் படிவத்தில் ஒரு கேள்வி: மூன்றாம் நபருக்குக் காயம் உண்டா?

பேனா அங்கேயே நின்னுடுச்சு. அவர் பேரைக்கூட நான் கேட்டிருக்கலை.